பிள்ளைகளைப் பற்றி ஆறு கேள்விகள்

மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை தனலெட்சுமிக்கு ஊசி நாள், மற்ற நாட்களில் மாத்திரை. கிள்ளானில், அரசாங்க மருத்துவமனையின் மனநலக் கிளினிக்கில், இரண்டு ஆண்டுகளாக ஒரே நாற்காலி வரிசையில் உட்கார்ந்து ஒரே மூன்று கேள்விகளுக்கு அவள் பதில் சொல்லி வந்தாள். தூக்கம் வருகிறதா, பசிக்கிறதா, குரல் ஏதும் கேட்கிறதா. வருகிறது, பசிக்கிறது, இல்லை. ஒருமுறை புதிதாக வந்த டாக்டர் வரிசையை மாற்றிக் கேட்டுவிட, பழக்கத்தில் குரல் கேட்கிறது என்று சொல்லிவிட்டாள். அதைச் சரிசெய்து வீட்டுக்குக் கிளம்ப மத்தியானம் ஆகிவிட்டது. அன்றைக்கும் அவளுக்குக் கோபமோ சிரிப்போ வரவில்லை. மருந்து தொடங்கியதிலிருந்து அப்படித்தான். பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு உதடு இருக்கும், ஆனால் நம்முடையதாக இருக்காது. அந்த மாதிரி புருஷன், பிள்ளைகள், வீடு எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன.

அந்த மார்ச் மாதம் ஊசி போட்டு முடிந்ததும் ஒரு பெண் வந்து அவளைப் பக்கத்து அறைக்கு அழைத்துப் போனாள். பெயர் பாத்திமா. மருத்துவமனையின் சமூகநலப் பணியாளர், முப்பது வயதுக்குள் இருக்கும், வெளிர்நீலத் துடோங் முக்காடு அணிந்திருந்தாள். கையில் ஒரு தாள். பிள்ளைகளைப் பற்றி ஆறு கேள்விகள் கேட்க வேண்டும், நேரம் இருக்கிறதா என்றாள். தனலெட்சுமிக்கு நேரம் மட்டும் நிறைய இருந்தது.

முதல் கேள்வி, வீட்டில் பதினெட்டு வயதுக்குக் கீழே யாராவது இருக்கிறார்களா. இரண்டு பெண்கள் என்றாள் தனலெட்சுமி. பெரியவள் அனுப்பிரியா, பதின்மூன்று வயது, முதலாம் படிவம். சின்னவள் தாமரை, எட்டு வயது, தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு. இரண்டாவது கேள்வி, உங்களுக்கு முடியாமல் போனபோது அவர்களை யார் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் அப்பா என்று சொல்ல வாயெடுத்தாள். பிறகு, அது சரியில்லை, அனுதான் என்று தோன்றியது. ஆனால் அப்பா என்றே சொன்னாள். மூன்றாவது கேள்வி, உங்கள் நோயைப் பற்றிப் பிள்ளைகளுக்கு என்ன தெரியும்.

அவள் பாத்திமாவின் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெல்ஃபேர்ல இருந்தா வர்றீங்க மிஸ்?" என்று கடைசியில் கேட்டாள். "பிள்ளைங்கள எடுத்துட்டுப் போவீங்களா?"

பாத்திமா பேனாவைக் கீழே வைத்தாள். இல்லை என்று இரண்டு தடவை சொன்னாள். பிறகு விளக்கினாள். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ மனநோய் இருக்கிற வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி வெளிநாடுகளில் எவ்வளவோ ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். வீட்டில் என்ன நடக்கிறது என்று அந்தப் பிள்ளைகளுக்கு நேரடியாக எடுத்துச் சொன்னாலே அவர்கள் பின்னால் நொடிந்துபோவது குறைகிறதாம். எல்லாம் காகிதத்தில் இருக்கிறது, கிளினிக்கில் யாரும் செய்வதில்லை. நோயாளிக்குப் பிள்ளைகள் உண்டா என்றுகூட அட்டையில் எழுதுவதில்லை. இப்போது கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தார் இங்கே அதைச் செய்து பார்க்கப்போகிறார்கள். பாத்திமா ஆறு நாள் பயிற்சிக்குப் போய்விட்டு வந்திருக்கிறாள்.

"உண்மையச் சொல்லிடறேன் அக்கா," என்றாள். "நீங்கதான் மொத குடும்பம். நான் இதுக்கு முன்னாடி யாருக்கும் செஞ்சதில்ல."

முடியாது என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் தேடுவதைவிடக் கையெழுத்துப் போடுவது சுலபமாக இருந்தது. போட்டாள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்தது இதுதான். அந்தப் பக்கம் முழுக்க ஐந்து நாள் தண்ணீர்த் தடை. ஆறாம் நாள் குழாயில் செம்மண் நிறத்தில் தண்ணீர் வந்து, போகப்போகத் தெளிந்தது. எல்லோருக்கும் தெளிந்தது, தனலெட்சுமிக்கு மட்டும் தெளியவில்லை. அடுக்குமாடியின் மொட்டைமாடித் தொட்டியில் யாரோ எதையோ கலக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. சந்தேகப்பட்டாள் என்று டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். அவளைக் கேட்டால், கை இருப்பது தெரிகிற மாதிரி தெரிந்தது. கணவன் குகன் கிள்ளான் துறைமுகத்தில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். அந்த வாரம் வேலையாகத் தெற்கே பாசிர் கூடாங்குக்கு அனுப்பியிருந்தார்கள். அவள் குழாய்களையெல்லாம் துணி வைத்துக் கட்டினாள். பிள்ளைகளை அறையில் வைத்துப் பூட்டி, இரண்டு நாள் பெட்டியில் அடைத்த சோயா பாலை மட்டும் குடிக்கக் கொடுத்தாள். சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தார் போன் செய்ய, குகன் வந்து கதவை உடைத்தான். ஆம்புலன்ஸ் வந்தது. அவள் முப்பத்தெட்டு நாள் வார்டில் இருந்தாள்.

அம்மா ஜொகூரில் சித்தி வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று குகன் பிள்ளைகளிடம் சொன்னான். சொந்தக்காரர்களுக்கும் அதே கதைதான். அவள் திரும்பி வந்தபோது வீட்டில் புதுக் கதவு இருந்தது. ஜொகூர் எப்படி இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. அன்றிலிருந்து வீட்டில் எல்லோரும் மெதுவாகப் பேசினார்கள்.

கையெழுத்துப் போட்ட தாளைப் பார்த்ததும் குகன் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். பிள்ளைகள் எல்லாவற்றையும் மறந்துவிட்டார்கள், எதற்குக் கிளற வேண்டும் என்றான். வெளியே தெரிந்தால் நாளைக்கு இரண்டு பெண்களுக்கும் எங்கே மாப்பிள்ளை கிடைப்பான் என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை என்றுதான் அவளுக்கும் பட்டது. ஆனால் அரசாங்க முத்திரை உள்ள தாளில் கையெழுத்துப் போட்டாயிற்று என்றால் போயே ஆக வேண்டும் என்று குகன் நம்பினான். எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்று தாளின் அடியில் எழுதியிருந்ததை அவள் படித்திருந்தாள். அதை அவனிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று அவளுக்கே தெரியாது.

பல்கலைக்கழகத்தார் இதற்கென்று கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில், வளையல் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் ஓர் அறை எடுத்திருந்தார்கள். சனிக்கிழமைகளில் கிள்ளானிலிருந்து கொமியூட்டர் ரயில் ஏறிப் போனார்கள். முதல் இரண்டு வாரம் அவளும் குகனும் மட்டும். பாத்திமா மடியில் தடித்த ஒரு கையேட்டை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக் கேட்டாள். கையேடு மலாயில் இருந்தது. தமிழில் கேட்கும்போது நடுவில் சொல் கிடைக்காமல் நின்றுவிடுவாள். அப்போதெல்லாம் குகன், பள்ளிக்கூடத்தில் நல்ல மாணவனாக இருந்தவன், சொல்லை எடுத்துக் கொடுத்தான். அப்படித்தான் அவன் அந்தப் பேச்சுக்குள் வந்தான். பிள்ளைகளைப் பற்றி உங்களுக்கு இருக்கிற கவலை என்ன என்று கேட்டபோது, தாமரை சரியாகப் படிக்கவில்லை என்றான். கொஞ்ச நேரம் கழித்து, அனு சிரிப்பதில்லை என்றான். அனு சிரிப்பதில்லை என்பதை அதுவரை தனலெட்சுமி கவனித்திருக்கவில்லை.

மூன்றாம் வாரம் பிள்ளைகளும் வந்தார்கள். பாத்திமா அவர்களோடு ஒவ்வொருவராகத் தனியே பேசினாள். தாமரை ஒரு மணி நேரம் படம் வரைந்துவிட்டுச் சாதாரணமாக வெளியே வந்தாள். அனு நாற்பது நிமிடம் வாயே திறக்கவில்லையாம். பாத்திமாவும் பேசச் சொல்லவில்லை. கிளம்பும்போது அனு கையேட்டின் ஓரத்தில் எதையோ எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். பிள்ளைகள் சொன்னதை அவர்களிடம் கேட்காமல் உங்களிடம் சொல்ல மாட்டேன் என்று பாத்திமா முன்பே சொல்லியிருந்தாள். குகன் ரயிலில் வரும்போது என்ன எழுதினாய் என்று கேட்டான். அனு ஜன்னலைப் பார்த்தபடியே வந்தாள்.

நான்காம் வாரம் நால்வரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள்.

முதலில் தனலெட்சுமி பேச வேண்டும் என்று ஏற்பாடு. அந்த வாரம் முழுக்கச் சமையலறையில் நின்று சொல்லிப் பார்த்திருந்தாள். சொல்லும்போது அழுதுவிடுவோமோ என்று பயப்படவில்லை. அழுகை வராதே, பிள்ளைகள் என்ன நினைப்பார்கள் என்றுதான் பயந்தாள். பாத்திமாவிடம் அதைக் கேட்டபோது, கையேட்டில் அதற்கு ஒன்றும் எழுதவில்லை, வருகிற மாதிரி சொல்லுங்கள் போதும் என்றாள்.

"அம்மாவுக்கு ஒரு நோய் இருக்கு," என்று ஆரம்பித்தாள். குரல் ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி ஏற்ற இறக்கமில்லாமல் வந்தது. "அது மூளையில வர்ற நோய். அதுக்குப் பேரு ஸ்கிட்ஸோஃப்ரினியா. அது வந்தப்ப இல்லாதது எல்லாம் இருக்கிற மாதிரி தெரிஞ்சிச்சு. அதனாலதான் உங்கள உள்ள வெச்சுப் பூட்டுனேன். அப்புறம் நான் ஜொகூருக்குப் போகல. ஹாஸ்பிட்டல்ல இருந்தேன்."

தாமரை அந்தப் பெயரைத் தனக்குள் சொல்லிப் பார்த்தாள். பாதியில் நாக்கு மடங்கிவிட்டது. மறுபடி சொல்லிப் பார்த்தாள். பாத்திமா அவளைப் பார்த்து, அன்றைக்கு நீ சொன்னதை அம்மாவிடம் சொல்லலாமா என்று கேட்டாள். தாமரை தலையாட்டினாள்.

"நான்தான் மா சொன்னேன்," என்றாள். "தண்ணி நாறுதுன்னு."

யாருக்கும் புரியவில்லை. தாமரை மெல்ல மெல்லச் சொல்லி முடித்தாள். தண்ணீர் திரும்ப வந்த அன்றைக்கு முதலில் குழாயைத் திறந்தவள் அவள். அப்போது ஆறு வயது. ஒரு வாய் குடித்துவிட்டு, அம்மா, தண்ணி நாறுது என்று கத்தினாள். அதற்குப் பிறகுதான் அம்மா அப்படி ஆனாள். பொய் ஒன்றும் சொல்லவில்லை, அன்றைக்கு நிஜமாகவே நாறியது. ஆனாலும் சொல்லியிருக்கக் கூடாது. அதனால்தான் அவள் தினமும் சாயங்காலம் அம்மாவின் முன்னால் நின்று, குழாயில் பிடித்த தண்ணீரை ஒரு கிளாஸ் நிறையக் குடித்துக் காட்டுகிறாள்.

தனலெட்சுமிக்கு அது நினைவுக்கு வந்தது. தினமும் ஐந்தரை மணிக்குச் சின்னவள் சமையலறை வாசலில் வந்து நிற்பாள். முழுக் கிளாஸையும் மூச்சுவிடாமல் குடித்துவிட்டு, நல்லாத்தான் இருக்கு என்பாள். சரி, பள்ளிவிட்டு விளையாடிய தாகம் என்று அவள் நினைத்திருந்தாள். இரண்டு ஆண்டுகள். மழை நாளிலும் காய்ச்சல் நாளிலும்கூட. ஒருமுறை குடித்துவிட்டு வாந்தி எடுத்தாள்.

குகன் எழுந்து வெளியே போனான். படிக்கட்டில் அவன் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. ஒரு தாய் இந்த இடத்தில் என்ன செய்வாள் என்று தனலெட்சுமிக்குத் தெரிந்தது. பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொள்வாள். கைகள் மடியிலேயே கிடந்தன. மனப்பாடம் செய்த வரி ஒன்று மட்டும் மிச்சமிருந்தது. அதைச் சொன்னாள்.

"நீ சொன்னதால வரல தாமரை. யாரு செஞ்சதாலயும் வரல. நீ சொல்லாட்டியும் வந்திருக்கும்."

"நெசமாவா?"

"நெசம்தான்."

அவள் அதை ஆறுதலாகச் சொல்லியிருந்தால் தாமரை நம்பியிருப்பாளோ என்னவோ. நாளைக்குப் பள்ளி இல்லை என்று சொல்லுகிற மாதிரி சொன்னதால், பிள்ளை அம்மாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சரி என்றாள். பிறகு பாத்திமாவின் பென்சில் டப்பாவைத் திறந்து பார்க்க ஆரம்பித்தாள்.

குகன் உள்ளே வந்து உட்கார்ந்ததும் அனு பேசினாள். அம்மாவிடம் இல்லை, அப்பாவிடம்.

"ஜொகூர்னு சொன்னீங்க. அம்மாவ ஆம்புலன்ஸ்ல ஏத்துனப்ப நான் பால்கனில நின்னுகிட்டு இருந்தேன் பா. ஜொகூருக்கு ஆம்புலன்ஸ்ல போவாங்களா?"

அனு அழாமல் சொல்லிக்கொண்டே போனாள். மாத்திரை அட்டையில் இருந்த பெயரைப் போனில் தேடி, பதினொரு வயதிலேயே எல்லாவற்றையும் படித்துவிட்டாள். தினமும் காலையில் எழுந்ததும் அட்டையில் மாத்திரை எத்தனை குறைந்திருக்கிறது என்று பார்ப்பாள். தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் அம்மா நின்றால் தானும் போய் நிற்பாள். அந்த அறைச் சாவி எப்போதும் அவள் பள்ளிப்பையில் இருக்கும். இதையெல்லாம் யாரிடமும் சொல்லக் கூடாது என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. அவளாகவே தெரிந்துகொண்டாள்.

பிறகு பாத்திமா கையேட்டைத் திருப்பி, ஓரத்தில் எழுதியிருந்ததைக் காட்டினாள். நீயே கேட்கிறாயா என்றாள்.

"எனக்கும் வருமா?" என்று கேட்டாள் அனு.

வராது வராது என்று குகன் அவசரமாகச் சொன்னான். பாத்திமா கையை லேசாகத் தூக்கி அவனை நிறுத்தினாள்.

"மத்தவங்களவிட உனக்குக் கொஞ்சம் சான்ஸ் கூட," என்றாள். "ஆனா அம்மாவுக்கு இருந்தா, பத்துப் பிள்ளைங்கள்ல ஒன்பது பேருக்கு வர்றதில்ல. உனக்கு வருமா வராதான்னு எனக்குத் தெரியாது. வந்தா எப்படிப் பாத்துக்கணும்னு நமக்குத் தெரியும். அம்மாவுக்கு அப்ப அது தெரியாது."

அனு அதை ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பதுபோல் யோசித்தாள். ஒன்பது, என்று மட்டும் சொன்னாள். திரும்பும்போது ரயிலில் அவள் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள். வாய் திறந்திருந்தது. கிள்ளான் வந்ததும் எழுப்பக் குகனுக்கு மனம் வராமல், எல்லோரும் இறங்கும்வரை காத்திருந்தான்.

அன்றைக்கு எழுதிய திட்டம் ஒரு பக்கம்தான். அம்மாவுக்கு மறுபடி முடியாமல் போனால் யாருக்குப் போன் செய்வது, தாமரை யார் வீட்டில் இருப்பாள், பள்ளிக்கு யார் சொல்வது. அனுவின் பெயர் அதில் எந்த வேலைக்கும் எழுதப்படவில்லை. எழுதக் கூடாது என்று பாத்திமா பிடிவாதமாக இருந்தாள். தாமரையைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்தில் ஒரு பெரியவர் வேண்டும். கீழ் வீட்டு இராஜம்மா என்றார்கள் பிள்ளைகள். இராஜம்மா, ஐம்பத்தைந்து வயது, பள்ளிக் கேண்டீனில் சமைப்பவள். அவளிடமும் ஜொகூர் கதையைத்தான் சொல்லியிருந்தார்கள்.

தனலெட்சுமி தானே போய்ச் சொன்னாள். கீழே இறங்க இருபத்திரண்டு படிகள். இராஜம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஆம்புலன்ஸ் என் மோட்டார் சைக்கிளத் தள்ளி வெச்சிட்டுத்தானே நின்னிச்சு, எனக்குத் தெரியாதா லா," என்றாள். "நீயா சொல்லட்டும்னு இருந்தேன்." அவ்வளவுதான். ஒரு டப்பா நிறையச் சாம்பார் கொடுத்தனுப்பினாள். அந்த வாரம் முழுக்கத் தாமரை தண்ணீர்க் கிளாஸோடு வந்து நின்றாள். பிறகு ஒருநாள் வரவில்லை. அதற்கடுத்து இரண்டு நாள் வந்தாள். அப்புறம் நின்றுபோயிற்று.

செப்டம்பரில் அது திரும்ப வந்தது. ஒரு காலை தேநீர் வாயில் வைத்ததும் இரும்பு வாடை. தனலெட்சுமி இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் குழாயில் துணி கட்டுவதற்காகப் பழைய துண்டைத் தேடிக்கொண்டிருந்தவள், கையில் துண்டோடு கூடத்துக்கு வந்தாள்.

"என்னங்க. தண்ணி வாட அடிக்குது."

குகன் எழுந்து போய்த் தண்ணீரை முகர்ந்து பார்த்தான். "இல்ல தனம்."

"இல்லன்னு எனக்கும் தெரியுது. ஆனா அடிக்குது."

குகன் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்த திட்டத் தாளைப் பார்த்து எண்களை அழுத்தினான். எழுதி வைத்ததுபோல் எதுவும் நடக்கவில்லை. பாத்திமா விடுப்பில் பினாங்கு போயிருந்தாள். அவள் இடத்தில் போனை எடுத்தவனுக்கு இந்தத் திட்டம் என்னவென்றே தெரியவில்லை, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. இராஜம்மா ஒரு சாவுக்காகக் கேரி தீவுக்குப் போயிருந்தாள். தாமரையை இராஜம்மாவின் மருமகளிடம்தான் விட முடிந்தது. அவளை அதிகம் பழக்கமில்லாததால் தாமரை அழுதாள். தனலெட்சுமி குனிந்து, ஹாஸ்பிட்டலுக்குத்தான் போகிறேன், எத்தனை நாள் என்று தெரியாது, அப்பா தினமும் சொல்வார் என்றாள். அனு சாவியைப் பையிலிருந்து எடுத்து அப்பாவிடம் நீட்டினாள். தனலெட்சுமி தன் காலால் நடந்து போய்க் காரில் ஏறினாள்.

இந்த முறை பதினொரு நாள். மருந்தை மாற்றினார்கள். வாடை மங்கியது, அதோடு மற்றதும் மங்கியது. கடைசி ஞாயிற்றுக்கிழமை குகன் தாமரையை அழைத்துக்கொண்டு வந்தான். சின்னப் பிள்ளைகளை வார்டுக்குள் விடமாட்டார்கள் என்பதால் வெளியே மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். தாமரை அந்த நோயின் பெயரை இப்போது சரியாகச் சொன்னாள். அங்கே வந்த தாதியிடமும் சொல்லிக் காட்டினாள்.

அனு வரவில்லை. குகன் அதைச் சொல்லத் தயங்கி, பிறகு கோபமாகச் சொன்னான். வகுப்புப் பெண்கள் மூன்று பேரோடு புக்கிட் திங்கியில் படம் பார்க்கப் போயிருக்கிறாள். அம்மாவைப் பார்க்க வேண்டாமா என்று கேட்டதற்கு, நாளைக்குப் பார்க்கிறேன், அம்மாதான் நல்லா இருக்காங்களே என்றாளாம். பதின்மூன்று வயதில் இவ்வளவு கல்நெஞ்சா என்றான்.

தனலெட்சுமி யோசித்துப் பார்த்தாள். மகள் வராதது வலிக்க வேண்டும். எங்கேயாவது வலிக்கிறதா என்று உள்ளே தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை. இருட்டில் மூன்று பெண்களுக்கு நடுவே அனு உட்கார்ந்திருக்கிறாள், இரண்டு மணி நேரமாகத் தன் அம்மாவை நினைக்கவில்லை. அதை மனதுக்குள் மறுபடி மறுபடி பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கப் பிடித்திருந்தது.

"என்ன படம்?" என்று கேட்டாள்.

குகனுக்குத் தெரியவில்லை.

"ஆறு மணிக்குப் போய்க் கூட்டிட்டு வாங்க. திட்டாதீங்க. படம் நல்லா இருந்துச்சான்னு மட்டும் கேளுங்க."

குகன் சரி என்றான். நேரம் முடிந்துவிட்டது என்று தாதி வந்து சொன்னாள். தாமரை அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், கார் நிறுத்துமிடம்வரை எதையோ பேசிக்கொண்டே போனாள்.